சிலந்திக்கு எத்தனை கால்

இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் வீடியோக்களை வகுப்பில் போட்டுக் காட்ட வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு வந்ததும், யார் வீடியோவோ எதற்கு என்று அறிவியல் டீச்சர் தானே கேமரா முன்னால் நின்றாள். ஒரே நாளில் பதினோரு பாடம். பூச்சிப் பாடத்தை முடித்த கையோடு, ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் சிலந்திப் பாடத்துக்குத் தாவியதில் நாக்கு சறுக்கிவிட்டது. “சிலந்திக்கு ஆறு கால்” என்று சிரித்த முகமாகச் சொல்லிவைத்தாள்.

தப்பு தெரிவதற்குள் பாடம் இணையத்தில் ஏறி, நாற்பதாயிரம் பேர் பார்த்துவிட்டார்கள். தலைமையாசிரியருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. வீடியோவில் யாரும் கைவைக்கக் கூடாது என்று பாஸ்வேர்டையே மாற்றிவிட்டார்.

வகுப்பில் திரையில் அவள் பாடம் நடத்துவாள். பக்கத்தில் ஸ்டூல் போட்டு அவளே உட்கார்ந்திருப்பாள். வாயைத் திறந்தால் பிள்ளைகளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும்.

“மிஸ், கொஞ்சம் சும்மா இருங்க. மிஸ் சொல்றது கேக்கல.”

ஒருநாள் பொறுக்கமாட்டாமல் வீடியோவை நிறுத்தினாள். “எட்டு கால். நான் சொன்னது தப்பு.”

“எந்த மிஸ் சொன்னது?” என்றான் முன்பெஞ்சுக்காரன்.

“ரெண்டும் நான்தான்டா!”

“அந்த மிஸ்ஸை நாப்பதாயிரம் பேர் பாத்திருக்காங்க. உங்களை நாங்க முப்பத்தெட்டு பேர்தானே மிஸ்.”

மறுநாள் பாட்டிலில் ஒரு சிலந்தியைப் பிடித்துக்கொண்டு போனாள். முப்பத்தெட்டுத் தலைகளும் மொய்த்தன. எண்ணினார்கள். எட்டு. டீச்சருக்கு உச்சி குளிர்ந்தது.

“அய்யோ பாவம்” என்றான் முன்பெஞ்சுக்காரன். “இதுக்கு ரெண்டு கால் அதிகமா மொளச்சிருக்கு.”

வகுப்பே உச்சுக்கொட்டியது. அந்தப் பக்கம் வந்த தலைமையாசிரியர் எட்டிப் பார்த்து முகம் சுளித்தார். “சீக்குப் பிடிச்சதையெல்லாம் கிளாசுக்குள்ள கொண்டு வராதீங்க டீச்சர்.”

பன்னிரண்டு வருடச் சர்வீஸில் அவளுக்கு இப்படி அழுகை வந்ததில்லை. ஒரே ஒரு பிள்ளை தன்னை நம்பினால் போதும் என்றிருந்தது.

பரீட்சையில் அந்தக் கேள்வியே வந்தது. விடைத்தாளைத் திருத்தும் குறிப்பில் தலைமையாசிரியர் தன் கைப்பட எழுதியிருந்தார்: ஆறு. முப்பத்தெட்டுத் தாளிலும் ஓர் எட்டு கிடைக்காதா என்று தேடினாள். கிடைக்கவில்லை.

தாள்களைத் திருப்பிக் கொடுத்த அன்று, எதிலும் வாயே திறக்காத கடைசிபெஞ்சுப் பெண் மேசையருகே வந்து நின்றாள்.

“மிஸ், எட்டுதான்னு எனக்குத் தெரியும். வீட்டுல, குளியலறையில, மோட்டார் ரூம்ல, எங்கெங்க இருந்துச்சோ எல்லாத்தையும் எண்ணிப் பாத்துட்டேன்.”

“அப்புறம் ஏன்டீ ஆறுன்னு எழுதின?”

“நீங்கதானே மிஸ் திருத்துவீங்க? எட்டுன்னு எழுதியிருந்தா உங்க கையாலயே தப்புன்னு போடணுமே. பாவமா இருந்துச்சு.”

டீச்சர் அந்தத் தாளை வாங்கிப் பார்த்தாள். ஆறுக்குப் பக்கத்தில், சிவப்பு மையில், அவள் கையாலேயே முழு மதிப்பெண் போட்டிருந்தாள்.