வைக்கோல் ஹாய்குவோ

1.

இந்தக் கதை எனக்கு ஒரு சவ ஊர்வலத்தில் கிடைத்தது. சவப்பெட்டியைத் தூக்கியவர்கள் மூச்சு வாங்காமல் ஊர்க்கதை பேசிக்கொண்டே நடந்தார்கள். உள்ளே இருந்தது வைக்கோல். சீனக் கடலோரத்து ஜோஷான் தீவுகளின் கடைக்கோடியில் இருக்கும் எங்கள் ஊரில், கடல் கொண்டுபோனவனின் உடல் திரும்பாவிட்டால், அவன் உடுப்பை மாட்டி ஒரு வைக்கோல் ஆளைப் புதைப்போம்.

முதல் வாக்கியம் இப்படி எழுதினேன்: 'ஷிங்தியின் புருஷன் ஹாய்குவோ கடலில் செத்துப்போனான்.' அடித்துவிட்டேன். செத்தான் என்று யார் சொன்னது? அவன் தம்பி ஆரோங். படகில் போனது இரண்டு பேர், கரைக்கு வந்தது இவன் மட்டும்.

அன்று கடல் கொந்தளித்து, ஆளுயர அலை எழும்பி— (இல்லை. அன்று கடல் குளம் மாதிரிக் கிடந்தது. ஊரே பார்த்தது.)

2.

வைக்கோல் ஆளுக்குப் போட, செத்தவனுக்குப் பிடித்த உடுப்பு வேண்டும். ஷிங்தி துணிப்பெட்டியைக் குடைந்தாள். பஞ்சு வைத்துத் தைத்த குளிர்கோட்டைக் காணோம்.

"தம்பி, உங்கண்ணன் கோட்டு எங்க?"

"போட்டுக்கிட்டுத்தான் வந்தாரு அண்ணி."

"இந்த வேக்காட்டுலயா?"

"கடல் காத்து ஒரு மாதிரி இருக்கும். வீட்டுல இருக்கற உங்களுக்கு எங்க தெரியும்."

"நான் பின்னுன வலையிலதான் அண்ணனும் தம்பியும் மீன் புடிக்கிறீங்க. எனக்கா தெரியாது?"

ஆரோங் கணவாய்க் கருவாட்டைக் கிழித்து வாயில் போட்டுக்கொண்டான். (இவனை உண்டாக்கினதே நான்தான். ஆனாலும் இவன் முகத்தைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. கருவாட்டோடு வேறெதையோ சேர்த்து விழுங்குகிறான்.)

பக்கத்து வீட்டு ஃபெங்மே வேலிக்கு அந்தப் பக்கமிருந்து சொன்னாள்: "கோட்டோட போனவன் குளிர் ஊருக்குத்தான் போயிருப்பான்டி. வடக்க எவளோ அடுப்பு மூட்டி வச்சிருக்கா."

ஷிங்திக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது.

3.

அவளுடைய சிக்கல் இது. புதைப்பதற்கு முன், கடல் ஏறும் நேரத்தில், பெண்டாட்டி கரையில் நின்று புருஷனைக் கூப்பிடவேண்டும். பக்கத்தில் நிற்பவர் யாராவது, வழக்கமாகத் தம்பியோ மகனோ, 'வந்துட்டேன்' என்று அவனுக்காகப் பதில் சொல்லவேண்டும். உயிர் வைக்கோலில் வந்து இறங்கும்.

கூப்பிடாமல் விட்டால், செத்தவன் உப்புத் தண்ணீரில் அலைவான். உயிரோடு இருப்பவனைக் கூப்பிட்டுப் பதிலும் சொல்லிவிட்டால், அவன் எங்கிருந்தாலும் அங்கேயே சுருண்டு விழுந்து சாவான். ஷிங்தி இரண்டையும் நம்புகிறாள். நீங்கள் நம்பவேண்டிய அவசியமில்லை.

ஒரு முடிவு: அவள் கூப்பிட மறுக்கிறாள். அப்புறம் அவன் நிஜமாகவே செத்திருந்தால்? அடித்தேன்.

இன்னொன்று: கோட்டைப் போட்டுக்கொண்டு ஹாய்குவோ பயணப்படகில் வந்து இறங்கி— (எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.)

4.

ஆகவே அவளைக் கரைக்கே கூட்டிவந்தேன். பூசாரி மணியை ஆட்டினார். ஏறிவந்த ஓதம் வைக்கோல் ஆளின் காலை நனைத்தது.

"ஹாய்குவோ, வீட்டுக்கு வா."

ஆரோங் வாயைத் திறக்கவில்லை.

"பதில் சொல்லுங்க தம்பி. செத்துத்தானே போனாரு?"

"தொண்டை கட்டியிருக்கு அண்ணி" என்றான், மணலைப் பார்த்துக்கொண்டு.

ஷிங்திக்கு எல்லாம் புரிந்துவிட்டது. அப்போதுதான் அழுதாள். நிம்மதியிலா அவமானத்திலா என்று கேட்காதீர்கள், இரண்டிலும்தான். பிறகு மூக்கைச் சிந்தினாள். கடலுக்கு முதுகைக் காட்டி, வடக்கே திரும்பி, முன்னைவிட உரக்கக் கூப்பிட்டாள்.

"ஹாய்குவோ, வீட்டுக்கு வா."

ஆரோங் சொல்லமாட்டான். எனக்கும் நாக்கு எழவில்லை. இவ்வளவு தூரம் எங்களோடு வந்து அவள் பக்கத்திலேயே நிற்கிறீர்கள். நீங்கள் சொல்கிறீர்களா?