மூட்டு வலி என்றாள்

பிரிக்பீல்ட்ஸ் மண்டபத்தில் நடந்த முதியோர் யோகா வகுப்பில் இதய நோயாளிகள் நாற்காலியில் உட்கார்ந்து செய்வார்கள், மற்றவர்கள் நின்றுகொண்டு. முதல் நாள் வந்த அலமேலு, நாற்காலி வரிசையில் கிள்ளான் ஊர்ப் பெரியகருப்பனைக் கண்டதும் வாசலிலேயே நின்றுவிட்டாள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தேழில் அவர் மகளைத் தன் மகனுக்குப் பேசி முடித்த பிறகு, "அப்பனுக்கு நெஞ்சு நோயாம், அந்த ரத்தம் நம்ம வீட்டுக்கு வேணாம்" என்று சொல்லியனுப்பியவள் அவள். போன மாதம் அதே நோய் அவளையும் ஆஸ்பத்திரியில் படுக்க வைத்தது.

"ஆச்சிக்கு என்ன செய்யுது?" என்று டீச்சர் கேட்டாள்.

"மூட்டு வலி."

அவளை நிற்பவர்களோடு நிறுத்தினார்கள். மூன்றாம் முறை கைகளை உயர்த்தியபோது மூச்சு முட்டிக் கண் இருண்டது. யாரோ பின்னால் நாற்காலியை இழுத்துப் போட்டார்கள்.

"உக்காருங்க ஆச்சி. மூச்ச மெதுவா விடுங்க," என்றார் பெரியகருப்பன். பிறகு குரலைத் தாழ்த்தி, "நானும் மொத நாளு முதுகு வலின்னுதான் சொன்னேன்லா," என்று சிரித்தார்.

அவர் ஏசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

மூச்சு அடங்கியதும், எல்லாருக்கும் கேட்கும்படி, "டீச்சர், மூட்டு வலி இல்ல. எனக்கும் ஹார்ட் அட்டாக்தான் வந்துச்சு," என்றாள். அவர் பக்கம் திரும்ப மட்டும் அவளுக்குத் துணிவு வரவில்லை.