மெல்ல, கைக்குழந்தை!

1993ஆம் ஆண்டு ஒரு திங்கட்கிழமை காலை ஒன்பது ஐம்பதுக்கு, ஷியாம்பஜார் போகும் தனியார் பேருந்திலிருந்து பூரபி ஹால்தார் தன் பதினாறு வயது மகனை இடது இடுப்பில் தூக்கிக்கொண்டு ஹாஜ்ரா முக்கில் இறங்கினாள். பையன் அம்மாவைவிட ஒரு சாண் உயரம். மேலுதட்டில் மீசை அரும்பியிருந்தது. அவளுக்கு மூச்சு வாங்கவில்லை, முந்தானை கூட நழுவவில்லை. பேருந்தில் இருந்தவர்கள் அன்றைக்கு ஏறிப்போன இல்ஷா மீன் விலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். பத்து வருடமாகப் பார்த்துவந்த காட்சியை யார் திரும்பிப் பார்ப்பார்கள்?

கல்கத்தாவில் ஓடிய தனியார் பேருந்துகள் ஆண்களுக்காக நின்றதே இல்லை. நிறுத்தம் வந்தால் கொஞ்சம் வேகம் குறையும், அவ்வளவுதான். நடத்துனர் "இடது கால் முதல்ல!" என்று கத்துவார். ஆண்கள் இடது காலை முன்னால் வைத்துக் குதித்து, பேருந்தோடு கூடவே நாலு எட்டு ஓடி நிற்பார்கள். கைக்குழந்தையோடு ஒரு பெண் இறங்கினால் மட்டும் பேருந்தின் தகரத்தில் இரண்டு தட்டு விழும், "மெல்ல, லேடீஸ், கைக்குழந்தை!" என்று குரல் வரும். அப்போது பேருந்து அசையாமல் நிற்கும். பாஞ்சு என்ற எங்கள் ஓட்டுனர் ஒருநாளும் பின்னால் திரும்பிப் பார்த்ததில்லை. நடத்துனர் கேஷ்டோ மண்டலின் குரல் குழந்தை என்று சொன்னால் அவருக்குக் குழந்தைதான். பேருந்தும் ஓட்டுனர் மாதிரியே, காதால் கேட்டதை நம்பும் பேருந்து.

பூரபியின் மகன் துப்லு அந்தப் பேருந்தில் ஏறத் தொடங்கியது இரண்டு வயதில். ஜாதவ்பூரில் ஏறுவார்கள். குழந்தையை ஹாஜ்ராவில் அக்கா வீட்டில் விட்டுவிட்டு அவள் பக்கத்தில் இருந்த அலுவலகத்துக்குப் போவாள். புருஷன் குழந்தை பிறந்த வருடமே இறந்துவிட்டதால் அவளுக்கு உலகத்தில் இருந்தது அந்த ஒரு பிள்ளைதான். உட்கார இடம் கிடைக்காது. ஆனால் கேட்காமலே யாராவது கையை நீட்டிப் பிள்ளையை வாங்கி மடியில் வைத்துக்கொள்வார்கள். ஜாதவ்பூருக்கும் ஹாஜ்ராவுக்கும் நடுவே துப்லு ஆறு மடி மாறுவான். மீன்காரம்மாவின் மடியிலிருந்து இறங்கினால் அன்று முழுக்க அவன் மேல் மீன் வாசம். என் மடியிலும் தூங்கி, சட்டையில் எச்சில் வடித்திருக்கிறான். இப்போது பக்கத்து இருக்கைக் குழந்தையைப் பார்த்துச் சிரித்தாலே தாய்க்காரி சந்தேகமாகப் பார்க்கிறாள். அந்த எச்சில் கறைக்காக நான் ஏங்குகிறேன், சொல்வதற்கு வெட்கமில்லை.

பள்ளிக்கூடமும் ஹாஜ்ராவிலேயே அமைந்தது. ஆறரை வயதில் துப்லு இடுப்பைவிட்டு இறங்கிவிட்டான். கேஷ்டோ அவனை ஆண்கள் கணக்கில் சேர்த்துக்கொண்டு குரல் கொடுக்கவில்லை, பேருந்து நிற்கவில்லை. பையன் விழுந்து தாடை கிழிந்து மூன்று தையல். மறுநாள் பூரபி பல்லைக் கடித்துக்கொண்டு அவனை இடுப்பில் ஏற்றினாள். நாலு வருடப் பழக்கத்தில், கண் பார்ப்பதற்குள் கேஷ்டோவின் வாய் கத்திவிட்டது: "மெல்ல, லேடீஸ், கைக்குழந்தை!" கத்திய அந்தக் கணமே பையனின் கனம் பத்துக் கிலோவுக்கு இறங்கியது. கைகால் நீளம் குறையவில்லை, கனம்தான் குறைந்தது. நடைபாதையில் கால் பட்டதும் பழைய கனம் திரும்பியது. அதிலிருந்து தினமும் அப்படித்தான் நடந்தது.

வயது ஏற ஏறத் துப்லுவுக்கு மானம் போயிற்று.

"அம்மா, நானே குதிச்சு எறங்கிக்கிறேம்மா."

"குதிச்சு கிழிச்சது போதும். தாடையில இருக்கிற தழும்பு என்ன அழகுக்கா?"

"மீசை வந்தாச்சு, இன்னும் அம்மா இடுப்பு கேக்குதாடா?" என்று மீன்காரம்மா சீண்டுவாள். "கல்யாணத்தன்னிக்கும் இப்படியே மணமேடைக்கு வந்துருவியா?" துப்லு கண்ணை இறுக மூடிக்கொள்வான். தான் பார்க்காவிட்டால் பிறரும் பார்க்கவில்லை என்று ஒரு கணக்கு.

கல்லூரிக்கு அவன் வேறு பேருந்தில் போனான். அந்த நாலு வருடம் பூரபி தனியாக வந்தாள். மற்ற பெண்களைப்போலப் பேருந்து மெதுவாகும்போது இறங்கிக்கொண்டாள். 1999இல் அவனுக்குப் புனேயில் கணினி வேலை கிடைத்தது. ஹவுராவில் ரயில் இரவு எட்டு மணிக்கு. அன்று காலை அவனே சொன்னான்: "இன்னைக்கு உன்கூட ஹாஜ்ரா வரைக்கும் வரேம்மா. பழைய மாதிரி."

இதை எதிர்பார்த்துப் பூரபி ஒரு வாரம் முன்பே கேஷ்டோவிடம் சொல்லி வைத்திருந்தாள்.

"கேஷ்டோ-தா, அவன் வர்ற அன்னிக்கு நல்லா சத்தமா குரல் குடுங்க."

"குடுத்துட்டா போச்சு, பௌதி."

கேஷ்டோ எல்லாருக்கும் தா, அதாவது அண்ணன்; அவருக்கு எல்லாப் பெண்களும் பௌதி, அதாவது அண்ணி. ஆனால் இந்த அண்ணியின் கண்ணைப் பார்த்ததும் அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. கால் நடைபாதையில் பட்டால்தானே பையனுக்குக் கனம் திரும்பும்? அவள் இறக்கிவிடப் போவதில்லை. இடுப்பிலேயே வைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்துவிடுவாள். ரயில் போய்விடும். அந்த வாரம் முழுக்க கேஷ்டோ சரியாகச் சாப்பிடவில்லை என்று அவர் மனைவி பிறகு எங்களிடம் சொன்னாள்.

அன்று பேருந்தில் தூறல் வாசம். மரச் சட்ட ஜன்னல்களை ஏற்றி மூடியிருந்தார்கள். துப்லு நின்றுகொண்டே வந்தான், ஆனால் அவன் பையை யாரோ கேட்காமல் வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்கள். ஹாஜ்ரா வந்தது. பை அவன் தோளுக்குத் திரும்பியது. பூரபி படிக்கட்டில் நின்று இடது கையை விரித்தாள். துப்லுவும் இந்தத் தடவை கண்ணை மூடாமல் அவளை நோக்கிக் குனிந்தான். கேஷ்டோ மூச்சை இழுத்தார்.

"இடது கால் முதல்ல, தம்பி! குதி!"

துப்லு குதித்தான். ஆறரை வயதில் விழுந்ததிலிருந்து இந்தப் பேருந்தில் ஒருநாளும் குதிக்காதவன், அத்தனை கல்கத்தா ஆண்களையும்போல இடது காலை வைத்து நாலு எட்டு ஓடி, விழாமல் நின்றான். பேருந்து அவனைத் தாண்டி நகர்ந்துகொண்டிருந்தது. படிக்கட்டில் பூரபியின் கை விரித்தபடியே இருந்தது. கேஷ்டோ அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு தகரத்தில் இரண்டு தட்டு தட்டி, தொண்டை கிழியக் கத்தினார்.

"மெல்ல! லேடீஸ்! கைக்குழந்தை!"

பாஞ்சு திரும்பிப் பார்க்காமல் பிரேக்கை மிதித்தார். பேருந்து அசையாமல் நின்றது. பூரபியின் இடது இடுப்பு பத்துக் கிலோ கனத்தில் சாய்ந்தது. அவள் வெறும் கையை வளைத்து அணைத்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினாள். மீன்காரம்மா வழக்கம்போல முந்தானையை ஒதுக்கி வழிவிட்டாள். ஐம்பது அடி பின்னால் துப்லு நடைபாதைக்கு ஒரு சாண் மேலே எழும்பி நின்றிருந்தான். செருப்பு மட்டும் தரையில் இருந்தது. பூரபி அதைப் பார்த்தாள். வெகுநேரம் அப்படியே பார்த்துக்கொண்டு நின்றாள். பேருந்தில் ஒருவரும் நேரமாகிறது என்று முணுமுணுக்கவில்லை. கடைசியில் அவள் குனிந்து, கையிலிருந்ததை மெதுவாக நடைபாதையில் இறக்கிவிட்டாள். துப்லுவின் கால் செருப்புக்குள் இறங்கியது. இரவு அவன் ரயிலேறினான்.

பாஞ்சு இறந்துபோனார். கேஷ்டோ ஓய்வு பெற்றபோது தோல்பையோடு அந்தக் குரலையும் அடுத்த நடத்துனரிடம் கொடுத்துவிட்டுப் போனார். பூரபிக்கும் அலுவலகம் முடிந்து வெகுகாலம் ஆயிற்று. ஆனாலும் ஞாயிறு தவிரத் தினமும் அதே பேருந்தில் ஹாஜ்ராவுக்கு வருகிறாள். குரல் கேட்கிறது, பேருந்து நிற்கிறது, அவள் ஒரு பக்கம் சாய்ந்து இறங்கி நடைபாதையில் குனிகிறாள்.

புனேயில் சௌம்யதீப் ஹால்தார் என்று தன் முழுப்பெயரில் பலகை வைத்த அறையில் துப்லு ஒன்பது ஐம்பதுக்கு ஒரு சாண் எழும்புகிறான். அந்த நேரத்தில் யாரும் அவனிடம் கோப்பு நீட்டுவதில்லை. பத்து மணியாகியும் எழும்பாவிட்டால் கல்கத்தாவில் மழை, பேருந்து தாமதம் என்று அவனுக்குத் தெரியும். தேநீர்க் கோப்பையை மேசையில் வைத்துவிட்டு, செருப்பைக் கழற்றிக் காத்திருப்பான்.