வெள்ளம் கேறாது

மூன்று பேர் போதும் என்றுதான் அந்த இணையக் கடையின் விதி சொன்னது. நூற்றெண்பது நாளுக்குள் மூன்று பேர் ஸ்ரீகலா போடும் லிங்க்கைத் தொட்டு உள்ளே போய்ப் பொருள் வாங்க வேண்டும். சொந்தக்காரர்கள் வாங்கினால் செல்லாது. ஒரே வீட்டில் இருப்பவர்கள் வாங்கினால் அறவே செல்லாது. மூன்று பேர் தேறவில்லையென்றால் அவள் கணக்கை மூடிவிடுவார்கள். கிடைக்கிற கமிஷன் பஸ் கூலிக்குக்கூடக் காணாது என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. அவளுக்கு வேண்டியது வேறு.

கல்யாணமாகி, கேரள எல்லையோரத்துப் பாறசாலைக்கு வந்து ஆறு வருடமாகிறது. இந்த ஆறு வருடத்தில் அவள் சொன்ன எதுவும் அந்த வீட்டில் சொன்னவுடன் ஏறியதில்லை. "அடுப்புக் கேஸ் தீரப் போகுது அத்தை" என்றால், "உமேஷ் சொன்னானா?" என்பாள் மாமியார் உமையம்மாள். "மழ வருது, துணி எடுக்கேன்" என்றாலும் அதே கேள்விதான். அவள் புருஷன் உமேஷ் அப்போது காரக்கோணம் ஆஸ்பத்திரி லேபில் யாருடைய ரத்தத்தையோ பார்த்துக்கொண்டிருப்பான். பாறசாலையில் மழை வருவது அவனுக்கு எப்படித் தெரியும்? அத்தை கெட்டவள் அல்ல. செத்துப்போன மாமனார் ரெஜிஸ்டர் ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்தவர். கையெழுத்தும் முத்திரையும் இல்லாமல் எதுவும் செல்லாது என்று கேட்டுக்கேட்டுப் பழகிவிட்ட வீடு அது. அந்த வீட்டின் முத்திரை உமேஷ்.

முகம் தெரியாத மூன்று பேர் தன் வார்த்தையை நம்ப வேண்டும். ஸ்ரீகலாவின் ஆசை இவ்வளவுதான். சின்ன ஆசை என்று சிரிக்கிறவர்கள், தாங்கள் சொன்னதை அடுத்த ஆளிடம் சரிபார்க்கும் வீட்டில் ஒரு மாதம் இருந்து பார்த்துவிட்டுச் சிரிக்கட்டும்.

"ஒரு பிளாட்பாரத்தப் பிடிச்சுக்கோ கலா" என்று உமேஷ் தொடக்கத்திலேயே சொன்னான். "எல்லாத்திலயும் கேறி எறங்கினா ஒண்ணும் நடக்காது, கேட்டியா."

பிளாட்பாரம் என்ற சொல் அவளுக்குப் பிடித்துப்போனது. நெய்யாற்றின்கரையில் பத்திரம் எழுதும் ஜெயதாஸ் சாரிடம் அவளுக்கு அரை நாள் வேலை. தினமும் காலையில் பாறசாலை ஸ்டேஷனில் பாசஞ்சருக்காகக் காத்து நிற்பாள். மழை நாளில் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் ஒன்றும் தெரியாது. அப்போது தன் போனுக்குள்ளும் வரிசையாகப் பிளாட்பாரங்கள் இருப்பதாகவும், ஒவ்வொன்றிலும் தான் ஒரு பையோடு நிற்பதாகவும் நினைத்துக்கொள்வாள். எந்த வண்டி எதில் வரும் என்று யாரும் அறிவிக்காத ஸ்டேஷன் அது.

முதலில் வாட்ஸ்அப்பில் நின்றாள். அங்கே இறங்கியவர்கள் எல்லாரும் சொந்தக்காரர்கள். லிங்க் போட்டால் ரோஜாப்பூவும் குட்மார்னிங்கும் திரும்பி வந்தன. பிறகு ஒரு பிளாக் தொடங்கி, அரிவாள்மணையில் தொடங்கி மிக்ஸி வரைக்கும் எழுதினாள். அந்த வழியாக எந்த வண்டியும் போகவில்லை. படம் போடும் ஆப்பில் கூட்டம் இருந்தது. மலையாளத்தில் பேசினால் "தமிழத்தியாணோ?" என்று கேட்டார்கள். தமிழில் பேசினால் "சேச்சி கேரளாவா?" என்றார்கள். இரண்டு ஊருக்கும் அவள் அடுத்த ஊர்க்காரி ஆனாள். நூற்றிருபது நாள் இப்படியே போனது.

கடைசியில் குட்டி வீடியோவில் நின்றாள். ஒரு மழைக்காலை, பாசஞ்சர் இருபது நிமிடம் தாமதம். கையில் ஜிப் வைத்த ஒரு நீல ஃபைல் பை. ஜெயதாஸ் சாரின் ஆபீஸிலிருந்து ரெஜிஸ்டர் ஆபீஸுக்குக் காகிதங்களை நனையாமல் கொண்டுபோக ஒரு வருடமாக அவள் பயன்படுத்துவது. தூணில் சாய்ந்து, போனைத் தூக்கிப் பிடித்து, யோசிக்காமல் வீட்டுப் பேச்சிலேயே பேசினாள்.

"ஆதாரம் இதுக்குள்ள வச்சா பின்ன வெள்ளம் கேறாது. நான் பாத்ததாக்கும்."

அவள் ஊரில் நிலப்பத்திரத்துக்கு ஆதாரம் என்று பேர். தண்ணீருக்கு வெள்ளம் என்று பேர். ஏறாது என்பதைக் கேறாது என்பார்கள். பத்திரம் நனையாது என்றுதான் அவள் சொன்னாள். எல்லையில் களியக்காவிளை தாண்டிக் கிழக்கே போனால் அதே சொற்கள் வேறு வேலை பார்க்கும் என்பது அப்போது அவள் நினைப்பில் இல்லை.

லிங்க்கோடு அவள் போட்ட அந்த வீடியோவை ஐந்தே நாளில் நாற்பதாயிரம் பேர் பார்த்துவிட்டார்கள். "பைக்குள்ள ஆதார் கார்டை வெச்சா வீட்டுக்குள்ள வெள்ளம் வராதாம்!" என்று ஒருவன் தொடங்கி வைத்தான். "எங்க தெருவுக்கு நாலு பை அனுப்புங்க." "ரேஷன் கார்டு வெச்சா புயல் நிக்குமா அக்கா?" ஒருவர் மட்டும் கோபமாக, "நீங்க சொல்றதுக்கு என்ன ஆதாரம்?" என்று கேட்டிருந்தார். அவள் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

"அத எடுத்துக் களஞ்சிரு" என்றான் உமேஷ். "லேபில எல்லாவனும் சிரிக்கான். நாணக்கேடா இருக்கு."

அவள் வீடியோவை அழிக்கவில்லை. ஏன் என்று அவளுக்கே தெரியவில்லை. பாசஞ்சரில் ஜன்னலோரம் உட்கார்ந்து, தனுவச்சபுரம், அமரவிளை என்று ஸ்டேஷன் கடக்கக் கடக்க, சிரித்த ஒவ்வொருவருக்கும் பதில் எழுதினாள். எங்க ஊரில் ஆதாரம்னா பத்திரம், வெள்ளம்னா தண்ணி. இதையே முந்நூறு தடவை எழுதியிருப்பாள். பாதிப்பேர் அதற்கும் சிரித்தார்கள். கடலூரிலிருந்து ஒருத்தி மட்டும் இப்படி எழுதினாள்: "போன மழைல எங்க பத்திரம் நனைஞ்சு எழுத்தெல்லாம் கரைஞ்சுபோச்சு. உங்க வெள்ளமும் எங்க வெள்ளமும் ஒண்ணுதான் அக்கா. பை வாங்கிட்டேன்."

அன்று எண்ணிக்கை ஒன்றானது. ஒரு வாரம் கழித்து இரண்டாவது. அது யார் என்று தெரியவில்லை.

அந்த நாட்களில்தான் ஒரு மத்தியானம், பாதி உறக்கத்தில், தன் குரலே எங்கிருந்தோ கேட்பதுபோல் அவளுக்குத் தோன்றியது. வெள்ளம் கேறாது, வெள்ளம் கேறாது. ஓட்டில் மழை விழுந்துகொண்டிருந்தது. கனவு என்று திரும்பிப் படுத்தாள்.

நூற்றெழுபத்தாறாம் நாள் எண்ணிக்கை மூன்றானது.

ஸ்ரீகலா யாரிடமும் சொல்லவில்லை. இரண்டு நாள் மனதுக்குள் அந்த மூன்றாவது ஆளோடுதான் நடந்தாள். அவள் நாகப்பட்டினத்துக்காரி என்று முடிவு செய்தாள். டீச்சராக இருக்கலாம். பிள்ளைகளின் சர்டிபிகேட்டை அந்தப் பையில் வைத்து, ஜிப்பை இழுத்து மூடி, "பாறசாலைல ஒருத்தி சொன்னா, சரியாத்தான் இருக்கும்" என்று நினைத்துக்கொள்வாள். நெய்யாற்றுப் பாலத்தில் வண்டி போகும்போது கீழே கலங்கலாக ஓடும் ஆறு அந்தப் பெண்ணின் ஊர்வரைக்கும் போகிறது என்று தோன்றியது. ஆறு போவது பூவார் கடலுக்கு. அதைப் பற்றி அவள் கவலைப்படவில்லை. அவ்வளவு சந்தோஷமாக அவள் இருந்து வெகுநாளாகியிருந்தது.

நூற்றெழுபத்தொன்பதாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. கேட்டுக்கு வெளியே கூரியர்காரன் வண்டியை நிறுத்தினான்.

"உமையம்மாள் ஆராணு?"

அத்தை உள்ளேயிருந்து வந்து, இடுப்பில் செருகியிருந்த பணத்தை எடுத்துக் கொடுத்து, பொட்டலத்தை வாங்கினாள். ஆணியால் கீறிப் பிரித்தாள். ஜிப் வைத்த பை. அதே நீலம்.

ஸ்ரீகலாவின் நினைப்பிலிருந்து நாகப்பட்டினம் டீச்சர் இறங்கிப் போய்விட்டாள். ஒரே வீடு, ஒரே விலாசம். விதி அவளுக்கு மனப்பாடம். நாளைக்குள் மூன்று இரண்டாகும், கணக்கை மூடுவார்கள். அன்றொரு மத்தியானம் கேட்ட குரல் கனவில்லை, அத்தையின் போன் என்பதும் அப்போதுதான் உறைத்தது.

உமையம்மாள் கட்டிலுக்கடியிலிருந்து டிரங்குப் பெட்டியை இழுத்தாள். மேலே ஓடு ஒழுகி, பெட்டியின் மூடியில் துரு படர்ந்திருந்தது. உள்ளேயிருந்து வீட்டு ஆதாரத்தை எடுத்து, முந்தானையால் துடைத்து, பைக்குள் வைத்தாள்.

உமேஷ் வாசலில் நின்று பார்த்தான். "என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா அம்மா? இத வாங்க ஆரு சொன்னா?"

"ஸ்ரீகலா சொன்னா."

"எங்க சொன்னா?"

"போன்ல சொன்னாளே. நான் திரும்பத் திரும்பப் பத்து வட்டம் கேட்டேன்."

உமேஷுக்குச் சிரிப்பு வந்தது. "சரி, ஆதாரத்த வெளிய எடுங்கோ. முதல்ல வெறும் பையில வெள்ளம் ஊத்திப் பாப்போம். ஒழுகினா என்ன செய்வியோ?"

"அதெல்லாம் வேண்டாம்" என்றாள் உமையம்மாள், ஜிப்பை இழுத்துக்கொண்டே. "அவ பாத்ததாக்கும்."

ஸ்ரீகலா பின்கட்டுக்குப் போனாள். கண் நிறைந்து முற்றம் கலங்கித் தெரிந்தது. மூன்று பேர் கேட்டிருந்தாள். எண்ணிக்கையில் சேராத ஒருத்தி வந்திருக்கிறாள். ரப்பர் மரங்களுக்கு மேல் மேகம் கறுத்து இறங்கிக்கொண்டிருந்தது.

"அத்தை, மழ வருது, துணி எடுக்கேன்" என்றாள்.

"எடு மக்கா" என்று உள்ளேயிருந்து பதில் வந்தது.