நகக்கண் அளவு நூல்

மக்கள் ஏன் இடம்பெயர்கிறார்கள் என்ற பாடத்தை ஒன்பதாம் வகுப்புக்குப் பதினெட்டு வருஷமாக நடத்துகிறேன். வேலை, படிப்பு, பஞ்சம், போர் என்று கரும்பலகையில் எழுதிப் போட்டால் பிள்ளைகள் மனப்பாடம் செய்து ஐந்து மதிப்பெண் வாங்கிவிடுவார்கள். மர்சலின் டீச்சர் பாடம் முடித்துவிட்டாள் என்று நானும் நிம்மதியாக இருந்துவிடுவேன்.

இந்த வருஷம் புதிதாக ஏதாவது செய்யலாமே என்று வராந்தாவில் பெரிய தமிழ்நாட்டு வரைபடம் மாட்டினேன். அவரவர் சொந்த ஊரில் ஒரு குண்டூசி, எங்கள் பள்ளி இருக்கும் ராஜா அண்ணாமலைபுரத்தில் இன்னொன்று, நடுவே சிவப்பு நூல். முதல் நூலைத் தலைமையாசிரியர் ஆனந்தகுமாரே கட்டினார். "எங்க தாத்தா திருநெல்வேலில இருந்து ஒரு மஞ்சப்பையோட வந்தாரு. இன்னைக்கு தி.நகர்ல எங்க குடும்பத்துக்கு ரெண்டு ஜவுளிக்கடை. இடம் மாறினாத்தான் முன்னேற முடியும்" என்றார். பிள்ளைகள் கை தட்டினார்கள்.

தாரணி மட்டும் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"மிஸ், எனக்கு சொந்த ஊரே இதான். பின்னாடி காவா ஓரம். இங்கேருந்து பெரும்பாக்கம் போட்டுக்கவா?"

எனக்குச் சுருக்கென்றது. எல்லோரும் எங்கிருந்தோ இங்கே வந்தவர்கள் என்று நினைத்து நூல் வெட்டியவள் நான். தலைமுறை தலைமுறையாக இங்கே பக்கத்துச் சாந்தோம் தேவாலயப் பங்கைச் சேர்ந்த எனக்கே அந்தப் படத்தில் நூல் கிடையாது. அதுகூட எனக்கு உறைக்கவில்லை.

அவள் இரண்டு ஊசிகளையும் குத்தினாள். நடுவே நகக்கண் அளவு நூல்தான் தெரிந்தது. "ரெண்டும் முட்டிக்கினு கீது மிஸ்" என்று சிரித்தாள். போன வருஷம்வரை மணிச் சத்தம் கேட்டு வீட்டிலிருந்து ஓடி வந்தவள். அரசாங்கம் வீட்டை இடித்துப் பெரும்பாக்கம் அடுக்குமாடிக்கு அனுப்பிய பிறகு, அந்த நகக்கண் தூரத்துக்கு ஆறரை மணிக்கே கிளம்பி இரண்டு பஸ் மாறி வருகிறாள்.

மறுநாள் பார்த்தால் ஊசியும் இல்லை, நூலும் இல்லை. பிடுங்கியவர் ஆனந்தகுமார் சார்.

"இருபது கிலோமீட்டரெல்லாம் ஒரு இடப்பெயர்வா டீச்சர்? பாக்கறவங்க சிரிப்பாங்க."

அதோடு விட்டாரா? ஒரு படிவத்தை நீட்டினார். தாரணிக்கு டி.சி. கொடுப்பதற்கானது.

"மாசத்துல பாதி நாள் லேட்டு. அடுத்த வருஷம் பத்தாவது, நம்ம ரிசல்ட் அடி வாங்கும். அங்கயே ஸ்கூல் இருக்கே! நீங்கதான் கிளாஸ் டீச்சர். காரணம்கிற இடத்துல வழக்கம்போல 'பெற்றோர் விருப்பம்'னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க."

வெளியே பெஞ்சில் சார் வரச்சொல்லியிருந்த தாரணியின் அம்மா சந்திரிகா உட்கார்ந்திருந்தார். மந்தைவெளியில் மூன்று வீடுகளில் வேலை செய்கிறவர். என்னைக் கண்டதும் எழுந்தார்.

"எனக்கு இன்னா டீச்சர் விருப்பம்? வூட்ட இடிச்சப்போ எங்கள கேட்டாங்களா? இப்ப பள்ளிக்கூடத்தையும் வுட்டுப் போவ சொல்றீங்க. இங்கயே படிக்கணும்னுதானே அது இருட்டுல எந்திரிச்சு வருது!"

காவாய் ஓரத்துப் பிள்ளைகள் ஒவ்வொருவராகக் குறைந்தபோது அந்த இரண்டு வார்த்தைகளை எத்தனை முறை எழுதியிருப்பேன்? ஒரு பெற்றோரையாவது கேட்டேனா? வேலியே பயிரை மேய்ந்திருக்கிறது, அந்த வேலியில் நானும் ஒரு முள்.

பேனாவை எடுத்துக் கொட்டை எழுத்தில் எழுதினேன்: "மாணவிக்கும் பெற்றோருக்கும் விருப்பமில்லை. வீடு இடிக்கப்பட்டதால் தாமதமாக வருகிறாள். தாமதமாக வருவதால் தலைமையாசிரியர் அனுப்புகிறார்." கீழே கையெழுத்துப் போட்டு அவர் மேஜையில் வைத்தேன்.

படித்தவர் முகம் சிவந்தது. "இதுல நான் எப்படி டீச்சர் கையெழுத்துப் போடறது?"

"எது பொய்னு சொல்லுங்க சார், அடிச்சுடறேன்."

அவர் பேனாவைத் திறந்தார், மூடினார். படிவத்தை இழுப்பறையில் போட்டுப் பூட்டினார்.

மறுநாள் தாரணி இருபத்தைந்து நிமிடம் தாமதமாக வந்து வகுப்பு வாசலில் நின்றாள். "உள்ள வா" என்றேன். வராந்தாவில் தமிழ்நாட்டுப் படத்துக்குப் பக்கத்தில் ஒரு பெரிய சென்னைப் படத்தை மாட்டியிருந்தேன். அவளிடம் ஊசியைக் கொடுத்தேன். இப்போது அவளுடைய நூல் ஒரு முழத்துக்கு மேல் ஓடியது.

திரும்பிப் பார்த்தேன். முந்தாநாள் விழுப்புரம், செஞ்சி என்று வாய்க்கு வந்த ஊரைச் சொல்லி ஊசி குத்திய காவாய் ஓரத்துப் பிள்ளைகள் நான்கு பேர், நூல் கேட்டு நின்றுகொண்டிருந்தார்கள்.