மேல் வீட்டு ஜன்னல்

என் வீட்டுக்குப் புகைபோக்கி கிடையாது. இனி எல்லாம் மின்சாரம்தான் என்று நகராட்சி நம்பிய காலத்தில் கட்டிய வீடு. வேல்ஸ் மழையில் ஐம்பத்து நான்கு வருடம் ஊறியவள் நான். அக்கா வீட்டில் இரும்புக் கணப்புக்குள் கட்டை எரிவதைப் பார்த்த நாளிலிருந்து எனக்கும் ஒன்று வேண்டும் என்று பிடிவாதம். அவளிடம் இருப்பது என்னிடம் இல்லையென்றால் எனக்குச் சோறு இறங்காது.

பொருத்த வந்தவன் கெரைன்ட். புகைபோக்கி இல்லாவிட்டால் என்ன, சுவரைத் துளைத்து எஃகுக் குழாயை வெளிப்பக்கமாக ஏற்றிவிடலாம் என்றான். இரண்டு நாள் வேலை. குழாய் என் கூரையைத் தாண்டியதும், ஏணியில் நின்றபடியே மேல் வீட்டைப் பார்த்தான். எங்கள் தெரு மலைச்சரிவில் ஏறுகிறது. என் கூரையும் மேல் வீட்டுப் படுக்கையறை ஜன்னலும் ஏறக்குறைய ஒரே மட்டம்.

"இன்னும் ஒன்றரை மீட்டர் ஏத்தணும் நெரிஸ். இல்லன்னா புகை நேரா அந்த ஜன்னலுக்குத்தான் போகும்."

"இப்பவே பிஸ்கட் ஃபேக்டரி புகைக்கூண்டு மாதிரி இருக்கு. போதும்."

"அப்ப அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுருங்க."

மேல் வீட்டில் இட்வாலும் அவர் மனைவி மென்னாவும். மென்னாவுக்கு நுரையீரல் பலவீனம். பனி கொட்டினாலும் ஜன்னலைத் திறந்துவைத்தால்தான் அவருக்குத் தூக்கம் வரும். இது தெருவுக்கே தெரியும். எனக்கும் தெரியும்.

கேட்டேன். எங்கே கேட்டேன் என்பதில்தான் என் சாமர்த்தியம். ஞாயிறு ஆராதனை முடிந்து, சர்ச் கூடத்தில் பத்துப் பேர் டீக்கோப்பையோடு நிற்கும்போது கேட்டேன். எங்கள் ஊரில் நாலு பேர் முன்னால் யாரும் யாருக்கும் முடியாது என்று சொல்லிவிட மாட்டார்கள். பஸ்ஸில் காலை மிதித்தால், மிதிபட்டவர்தான் மன்னிப்புக் கேட்பார். அது தெரிந்துதான் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தேன்.

"குழாய் கொஞ்சம் உங்க பக்கமா வருது. தொந்தரவு ஒண்ணும் இல்லியே?"

இட்வால் மனைவியைப் பார்த்தார். மென்னா அவசரமாகச் சிரித்தார். "இதுல என்ன இருக்கு கண்ணு, தாராளமா வச்சுக்கோ."

நவம்பர் முழுக்க எரித்தேன். அக்காவை வரவழைத்துக் காட்டினேன். அவள் முகம் போன போக்கு எனக்குப் பரம திருப்தி. மேல் வீட்டு ஜன்னல் மட்டும் மூடியே கிடந்தது. குளிர்காலம் அல்லவா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

டிசம்பரில் ஒரு மத்தியானம் மென்னா வந்தார், கையில் திராட்சை போட்டுக் கல்லில் சுட்ட கேக்குகளோடு. பத்துப் படி இறங்கியதற்கே மூச்சிரைத்தது. கணப்புக்கு எதிரே உட்காரவைத்தேன். கொஞ்ச நேரத்தில் இரைப்பு அடங்கியது.

"உன் வீட்டுல காத்து நல்லா இருக்கு நெரிஸ். அங்க ஒரு மாசமா தூக்கமே இல்ல. ஜன்னலைத் திறந்தா இருமல், மூடினா மூச்சு முட்டுது. பாவம், இட்வால்தான் முதுகைத் தடவிக்கிட்டே உக்காந்திருக்காரு. இந்த வருஷம் பனிமூட்டம் சரியில்ல போல."

குத்திக் காட்டுகிறாரா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. என்னைச் சங்கடப்படுத்தக் கூடாது என்று பனியின் மேல் பழியைப் போடுகிறார். என் அறையில் துளிப் புகை இல்லை. அத்தனையும் அவர் படுக்கைக்குப் போயிருக்கிறது. எனக்கு முகம் எரிந்தது.

"மென்னா, அது பனி இல்ல..."

"கேக்கு ஆறுது, சாப்பிடு," என்று தட்டை நகர்த்தினார். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டார். "கொஞ்ச நேரம் இங்கயே கண்ணை மூடிக்கட்டுமா?"

கேட்ட சூட்டோடு தூங்கிப்போனார். போர்வையைப் போர்த்தினேன். அதன்பின் ஒரு கட்டைகூடப் போடவில்லை. நெருப்பு அணையும் வரை, அந்த ஒன்றரை மீட்டரை நினைத்துக் கூனிக்குறுகி உட்கார்ந்திருந்தேன். நாளைக்கே கெரைன்டை வரச்சொல்ல வேண்டும். இட்வாலிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். எப்படி ஆரம்பிப்பது என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

இருட்டுகிற நேரத்தில் அவரே வந்து கதவைத் தட்டினார். தூங்கும் மனைவியைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். கண்கள் சிவந்திருந்தன.

"மன்னிச்சுக்கம்மா," என்றார் மெதுவாக. "உனக்குத்தான் தொந்தரவு."

வாயைத் திறந்தேன். "பரவாயில்ல," என்றுதான் வந்தது.