தீவனம் வராத பண்ணை

புயல் என்றால் கடலூர்க்காரருக்கும் நாகப்பட்டினத்துக்காரருக்கும் வருவது என்றுதான் மதுமதி நினைத்திருந்தாள். ஜேடர்பாளையத்துப் பக்கம் முட்டைக்கோழி வளர்க்கிறவளுக்குக் கடலோடு என்ன சம்பந்தம்? தீவன மில் பக்கத்திலேயே இருக்கிறது, லாரி தினம் காலையில் வந்து நிற்கிறது. மூட்டை அடுக்க எதற்குத் தனியாக ஒரு கட்டடம் என்று போன வருஷம்தான் குடோனை இடித்துவிட்டு, அந்த இடத்தில் இன்னொரு கோழிக் கொட்டகை போட்டாள். புயல் அறிவிப்பு வந்ததும் பக்கத்துப் பண்ணை மணியன் லாரி லாரியாகத் தீவனம் இறக்கியதைப் பார்த்து, "கப்பல்ல ஏத்தி அனுப்பறாராட்டிருக்குது" என்று சிரித்தவளும் இவள்தான்.

மணியன் அவள் கணவனுக்குப் பெரியப்பா மகன். வரப்புத் தகராறு கோர்ட்டுக்குப் போனதிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சு வார்த்தை கிடையாது.

புயல் வந்தது. தென்னைகளின் கழுத்தை முறித்துப் போட்டது, கரண்டுக் கம்பங்களைச் சாய்த்தது, மில்லுக்குப் போகிற வழியில் ஓடையின் தரைப்பாலத்தை அடியோடு பிடுங்கிக்கொண்டு போனது. லாரியைக் கையோடு கூட்டிவரப் போயிருந்த கணவன் தீனதயாளன் லாரியோடு அக்கரையில் மாட்டிக்கொண்டான். "பாலமே இல்ல மது, எப்ப வருவேன்னு..." என்றதோடு போனும் செத்தது.

பசித்த கோழி சாதுவான பிராணி என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மறுநாள் மத்தியானத்துக்குள் கூண்டுகளில் கொலை ஆரம்பித்துவிட்டது. முட்டையிட்ட கோழியின் பின்பக்கத்தில் லேசாகச் சிவப்பு தெரிந்தால் போதும், கூட இருந்தவை பாய்ந்து கொத்தின. குடலை உருவி, அதற்கும் சண்டை போட்டன. பிரித்துவிடப் போன மதுமதியின் விரல்களையும் விடவில்லை. செத்ததை எடுத்து வெளியே எறிவதற்குள் அடுத்த கூண்டில் அலறல். புறங்கை முழுக்க ரத்தம், அதில் எது தன்னுடையது என்று அவளுக்கே தெரியவில்லை. பிள்ளை மாதிரி வளர்த்ததெல்லாம் கண்ணெதிரே கிழிந்து கிடந்தது. அவளுக்கு வெறி பிடித்தது.

"அம்மாசி, கடப்பாரைய எடுங்க. மணியன் குடோன் பூட்ட ஒடைக்கோணும்."

"ஏனுங்க, ஒரு வார்த்த கேட்டுப் பாக்கலாமுங்களே?" என்றார் பண்ணையில் வேலை பார்க்கும் அம்மாசி.

"அந்தாளுகிட்டயா? நம்ம கோழி செத்தா அவரு ஊட்ல பொங்கலு வெப்பாரு!"

மழை முகத்தில் அறைந்தது. சாய்ந்த தென்னைகளை ஏறித் தாண்டிப் போனால், மணியனின் குடோன் ஒரு கீறல்கூட இல்லாமல் நின்றது. இவர்கள் கதவை நெருங்கவும், கட்டடத்துக்குப் பின்னாலிருந்து மணியன் கையை நீட்டிக்கொண்டு ஓடி வந்தார். தடுக்கத்தான் வருகிறார் என்று மதுமதி முடிவே கட்டிவிட்டாள். காலடியில் கிடந்த தென்னமட்டையை எடுத்து விளாசினாள். முதல் அடி தோளில், அடுத்தது நெற்றியில். அம்மாசி பிடித்து இழுத்தும் அவள் கை நிற்கவில்லை.

மணியன் திருப்பி அடிக்கவில்லை. அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டார். நெற்றி பிளந்து ரத்தம் கன்னத்தில் வழிந்தது.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இத்தனை கோழி இருக்கிற பண்ணையில் ஒரு கொக்கரிப்பும் கேட்கவில்லை. குடோனுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். கொட்டகைகள் எல்லாம் தரையோடு படுத்துக் கிடந்தன. தகரத்துக்கும் இரும்புக் கூண்டுக்கும் நடுவே வெள்ளை வெள்ளையாக நசுங்கிக் கிடந்தவை ஒன்றும் அசையவில்லை.

"தீனி மூட்ட மூட்டயா இருக்குது, அம்மிணி," என்றார் மணியன். "திங்கறதுக்குத்தான் ஒரு கோழியுமில்ல. உன்ற கோழியாச்சும் பொழைக்கட்டும்னு உங்க ஊட்டுக்குத்தான் கெளம்புனேன்."

நீட்டிய கையில் குடோன் சாவி இருந்தது.

அவளுக்கு அவமானத்தில் அங்கேயே செத்துவிடலாம் போலிருந்தது. ஆனால் அவள் கொட்டகையில் கோழிகள் ஒன்றையொன்று தின்றுகொண்டிருந்தன. ரத்தம் பட்ட சாவியை அவர் கையிலிருந்து பறித்துக்கொண்டு குடோனைப் பார்த்து ஓடினாள். சேற்றிலிருந்து அவரைத் தூக்கிவிடக்கூட நிற்கவில்லை.